எதைப் படம் பிடிப்பது?

நமது சங்கத்து இளைஞர் சிலர், இத்தீவுகளின் சமுதாய மாறுதலைப் புகைப்படங்களாகத் தொகுக்க விரும்பி, எப்பொருளைத் தேர்ந்தெடுப்பதென்று நம்மை வினவியுள்ளனர். மாறுதலுக்கு இங்குக் குறைவில்லை. 1951-இல் 30,971 ஆக இருந்த மக்கள்தொகை 2011-இல் 3,80,581 ஆகியது. ஆயினும் எண்ணிக்கையைக் காமிரா பிடிக்காது. அதற்கு ஒரு முகமும் ஒரு வாசற்படியும் வேண்டும்.

அன்பர்கள் அனுப்பிய பட்டியலில் ஜாரவாக்களே முதலில் நிற்கின்றனர். இதனை நாம் அடியோடு மறுக்கிறோம். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியும் 2012-இல் வந்த திருத்தமும் அதற்குக் குறுக்கே நிற்கின்றன. சட்டமே இல்லாவிடினும் நாம் மறுப்போம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி அந்தமானியரை நிறுத்தி வைத்து ஏராளமான படங்கள் எடுத்தார். அவை லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்தன. படத்தில் நின்றவர்களோ நோயால் மளமளவென்று குறைந்துகொண்டிருந்தனர். அவர்களைக் கேட்டா படம் எடுத்தார்கள்?

செல்லுலார் சிறை இரண்டாவது. அதனை எடுக்காத காமிரா இல்லை, அதை விடுவோம்.

அமெரிக்காவில் 1936-இல், கலிபோர்னியாவின் பட்டாணித் தோட்டக் கூலிகள் முகாமில், டாரதியா லாங்கே ஒரு தாயையும் மக்களையும் படமெடுத்தார். பஞ்சகாலத்தின் முகமாக அப்படம் உலகெங்கும் பரவிற்று. அந்த அம்மையாரின் பெயரை அவர் கேட்கவேயில்லை. நாற்பதாண்டுகள் கழித்தே பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளிவந்தது. அப்படத்தால் தமக்கு யாதொரு பயனும் இல்லை என்று அவர் மனம் நொந்தார். படம் பெரிது, ஐயமில்லை. ஆயினும் பெயர் கேளாத படத்தை நாம் நம் சங்கத்தின் பெயரால் வெளியிடலாகாது.

அப்படியாயின் எது? காச்சால் என்போம். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டு, இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு வந்த குடும்பங்களிற் சில காச்சாலின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தன. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள் பால்வெட்டுக் கத்தி பிடித்தன. விடியுமுன் புறப்பட்டாக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் தணியும். பட்டையில் சரிவாகக் கீறி, சிரட்டையில் பால் ஏந்தி, உறையவைத்துத் தகடாக்கும் தொழில். இது ஒரு தலைமுறையின் வாழ்வு. அவர்தம் மக்கள் கத்தி பிடிப்பரா, கப்பல் ஏறுவரா என்பதே நாம் காணவிரும்பும் மாறுதல். பயணச்சீட்டு மனுக்களை நாள்தோறும் புரட்டும் நமக்கு ஒன்று தெரியும்: முதியவர் உறவுக்காரர் ஊருக்கு எழுதுகின்றார், இளையவர் கல்லூரி உள்ள ஊருக்கு எழுதுகின்றார். (தண்டவாளமே இல்லாத தீவில் இரயில் மனுவா என்று நகைப்பார் உண்டு, கப்பல் சென்னையில் இறக்கிவிட்ட பின்னர் இரயில்தானே கதி!)

இதற்கு அவசரமும் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியபோது பேரழிவுக்குள்ளான தீவுகளுள் காச்சாலும் ஒன்று. கடல் புகுந்த வீடுகளில் குடும்பப் படங்களும் மிஞ்சவில்லை. ஒப்பந்த நாளில் இருபது வயதினராய் இருந்தோர் இன்று எண்பதைத் தாண்டியவர். மலையகத்து லயன் வீட்டையும் காச்சாலில் முதல் இரவையும் சொல்ல வல்லார் விரல்விட்டு எண்ணும் நிலை வெகுதொலைவில் இல்லை.

அத்தீவு நிக்கோபாரியரின் நிலம். நம்மவர் அங்குக் குடியேறியவரே. வெளியார் செல்ல அரசின் அனுமதிச்சீட்டு வேண்டும். எனவே ஒரு வாரம் போய் வந்து ஆல்பம் போடும் எண்ணம் உதவாது. காச்சாலிலேயே பிறந்த பிள்ளைகள் இருவர் மூவர் கையில் காமிராவைத் தருவதே முறை. பத்துக் குடும்பம் போதும். ஆண்டுக்கொருமுறை, அதே வாசலில், அதே திக்கில் நிறுத்தி எடுக்கட்டும். புதிதாய் வந்தவர் யார், போனவர் யார் என்று அருகில் உள்ளோரைக் கேட்டு எழுதட்டும். எடுக்க வேண்டாம் என்பவரை வற்புறுத்தல் கூடாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு படி அச்சிட்டு ஒன்றை அவ்வீட்டிற்கே தந்துவிட வேண்டும். படத்தின் பின்புறம் பெயரும் நாளும் இடமும் பென்சிலால் எழுதப்படட்டும். பேனா மை இவ்வூர் ஈரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்காது.