மூலம் என்று முடிவு கட்டாதீர்!

நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் பாட்டாளிக்கு இரவும் தெரியாது, பகலும் தெரியாது. மலத்தோடு இரத்தம் போனால் "உடம்புச் சூடு" என்பான். தொடர்ந்து போனால் "மூலம்" என்பான். பலருக்கு அது மூலந்தான். சிலருக்கோ பெருங்குடலில் புற்று! அந்தச் சிலரில் தான் ஒருவனல்ல என்று சோதிக்காமல் எவன் சொல்ல முடியும்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையைக் கொண்டுபோனது மலக்குடல் புற்று. முதலில் அதைச் சீதபேதி என்றே கருதினார்கள்! டாக்டர் குடும்பத்திலேயே தவறியது, கூலிக்காரன் குடிசையில் தவறாதா? அந்தத் துயரில் பிறந்த உறுதிதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது.

இந்நோய் ஓரிரவில் முளைப்பதல்ல. குடலின் உட்சுவரில் சிறு சதை மொட்டாகத் தோன்றி, புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு வரை ஆகிறது. மொட்டிலேயே கிள்ளிவிட்டால் புற்றுக்கு இடமில்லை! அந்த மொட்டைக் காட்டும் கருவிகளில் ஒன்று சி.டி. ஸ்கேன். குடலைச் சுத்தம் செய்து, காற்றேற்றி, மயக்க மருந்தின்றிச் சில நிமிடங்களில் படமெடுக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் வளர்ந்த மொட்டு உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேரை அது கண்டுபிடித்தது என்றது 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு. ஆனால் ஸ்கேன் காட்டும், கிள்ளாது. கிள்ளுவதற்குக் கொலோனோஸ்கோபி என்னும் குழாய்ச் சோதனை வேண்டும். இரத்தம் போகிறவர் அதற்கே நேராகப் போகவேண்டும்.

ஜனாதிபதி ஒபாமாவுக்கு 2010இல் இந்த ஸ்கேன் எடுத்தார்கள். அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீடு இதற்குப் பணம் தர முன்வந்தது 2025இல்! மாளிகைக்கும் மக்களுக்கும் இடையே 15 ஆண்டு தூரம்!

இங்கே? 2016இல் வகுத்த தேசிய நெறிமுறை வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுகளைச் சோதிக்கச் சொன்னது, குடலைச் சேர்க்கவில்லை. மேலைநாட்டைவிட இங்கு இந்நோய் குறைவுதான். குறைவு என்பதால் வந்தவன் உயிர் மலிவா?

ஊருக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை நாம். மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காட்டும் எளிய சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கட்டும். இரத்தம் தெரிந்தவருக்குக் கடலூரிலோ சிதம்பரத்திலோ அரசு மருத்துவமனையில் குழாய்ச் சோதனை, அது இயலாதவருக்கு ஸ்கேன், இரண்டும் செலவின்றி! இதைத்தான் கேட்கிறோம்.

தோழர்களே! வெட்கம் பார்த்து நோயை மறைக்காதீர். ஒருநாள் கூலி போகுமே என்று ஆயுளை இழக்காதீர். கூலி உயர்வு பேசும் சங்கக் கூட்டத்தில் குடலைப் பற்றியும் பேசுங்கள். உழைக்கும் உடல்தானே நமக்கிருக்கும் ஒரே முதல்!