இரவில் மானிட்டர் ஒளியும் நோய் எதிர்ப்புச் செல்களும்

"இரவு வெகுநேரம் மானிட்டர் முன் உட்கார்ந்தால் கண் மட்டும்தான் பாதிக்குமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கண்ணோடு இது நின்றுவிடுவதில்லை.

நம் மூளையின் நடுவே பீனியல் என்ற சிறிய சுரப்பி உள்ளது. இருட்டிய பின் இது மெலடோனின் என்னும் ஹார்மோனைச் சுரந்து, இரவு வந்துவிட்டதை உடலுக்குத் தெரிவிக்கிறது. 1958ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரோன் லெர்னர் குழுவினர் மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர்.

இதற்கும் நோய் எதிர்ப்பிற்கும் என்ன தொடர்பு? நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வேலை முடிந்ததும் தாமாகவே அழிந்துவிடும். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்வது போன்ற ஒழுங்கான முடிவு இது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா சிதைந்தால், தேவையில்லாத நேரத்திலும் இந்த ஷட் டவுன் தொடங்கிவிடலாம். மெலடோனின் மைட்டோகாண்ட்ரியாவைப் பாதுகாக்கிறது. எலிகளின் தைமஸ் செல்களில், ஸ்டீராய்டு மருந்தால் ஏற்படும் அழிவை இது குறைத்தது. ஆனால் பல புற்றுநோய்ச் செல்களை இதே மெலடோனின் அழிவை நோக்கித் தள்ளுகிறது. எல்லாச் செல்களுக்கும் ஒரே பலன் இல்லை.

இவை பெரும்பாலும் ஆய்வுக்கூட முடிவுகள். எனவே, "மானிட்டர் ஒளி வெள்ளணுக்களைக் கொல்கிறது" என யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இரவு நேர ஒளி, அதிலும் நீல ஒளி, மெலடோனின் சுரப்பைக் குறைக்கும் என்பது உறுதி. 2015ல் வெளியான ஓர் ஆய்வில் 12 பேர் தூங்கும் முன் 4 மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தனர். அவர்களுக்கு மறுநாள் மெலடோனின் சுரக்கத் தொடங்கும் நேரம் 1.5 மணி நேரத்திற்கு மேல் தள்ளிப் போனது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. விண்டோஸ் 10 அல்லது 11ல் ஸ்டார்ட், செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே எனச் சென்று நைட் லைட்டை ஆன் செய்திடவும். பிரைட்னஸையும் குறைத்திடவும்; நிறத்தை மட்டும் மாற்றினால் போதாது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், படுப்பதற்கு 1 மணி நேரம் முன்பே கம்ப்யூட்டரை நிறுத்திவிடுவது நல்லது.

இன்னொன்று. மெலடோனின் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். இது எதிர்ப்புச் செல்களைத் தூண்டக் கூடியது. முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும், உறுப்பு மாற்று அறுவை செய்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதனைத் தொடவே கூடாது.