பரிந்துரையும் பதிவேடும்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள வல்லம் வடகாலில், 706 கோடியே 50 இலட்சம் ரூபாய் செலவில் எழுப்பப்பட்ட பதின்மூன்று அடுக்குமாடித் தொகுதிகள் நிற்கின்றன. ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் கைப்பேசிகளைக் கோக்கும் பெண்கள், அறைக்கு அறுவராக 18,720 பேர் தங்குவதற்காகச் சிப்காட் நிறுவனம் கட்டிய விடுதி அது. 2024 ஆகஸ்டு 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் கலந்துகொண்ட விழாவில் அது திறக்கப்பட்டது. இத்தொழிலாளர்களின் தங்குமிடம் எப்படியிருக்கிறது என்ற கேள்வி நாடறிய எழுந்ததோ அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர்தான். 2021 டிசம்பரில் ஒரு விடுதியின் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனை சேர்ந்தனர்; அவர்களின் தோழியர் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அதன் பின்னரே அரசும் நிறுவனமும் திரும்பிப் பார்த்தன.

ஆட்சியாளரின் செவியை எட்ட ஒரு சாராருக்குச் சாலையில் அமர்வதன்றி வேறு வழியில்லை. மற்றொரு சாராருக்கு வேறு வாயில் உண்டு. அந்த வேறு வாயிலுக்குத்தான் ஆங்கில உலகம் ‘லாபி’ என்று பெயரிட்டுள்ளது. சட்டமன்ற அவைக்கு வெளியே உறுப்பினர்களைச் சந்திக்கக் காத்திருப்போர் நிற்கும் முன்கூடத்தைக் குறித்த சொல், காலப்போக்கில் அங்கு நடக்கும் காரியத்துக்கே பெயராயிற்று. (அதிபர் கிராண்ட் வாஷிங்டனின் வில்லார்டு ஹோட்டல் முன்கூடத்தில் அமர்ந்திருந்தபோது இச்சொல் பிறந்ததாகச் சொல்லப்படும் கதை சுவையானதே ஆயினும், சொல் அவருக்கு முந்தியது.)

அமெரிக்க அரசமைப்பில் இது மறைவான காரியமன்று. 1791இல் நிறைவேறிய முதல் திருத்தம், குறை தீர்க்குமாறு அரசிடம் மனுச் செய்யும் உரிமையைப் பேச்சுரிமைக்கும் சமய உரிமைக்கும் அருகிலேயே வைத்துள்ளது. அதற்கு நான்காண்டுகள் முன்னரே ஜேம்ஸ் மேடிசன், சுயநலக் குழுக்கள் தோன்றுவதற்கான காரணத்தை அகற்ற முயன்றால் சுதந்திரத்தையே அகற்ற வேண்டிவரும், ஆகவே அவற்றின் விளைவுகளைக் கட்டுப்படுத்துவதே செய்யத்தக்கது என்று வாதிட்டிருந்தார். அந்தக் கட்டுப்பாடு நெடுங்காலம் பெயரளவில்தான் இருந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டைகள் மலிந்தது. 1995இல்தான் உருப்படியான வெளிப்படுத்தல் சட்டம் வந்தது. ஜாக் ஆப்ரமாஃப் என்னும் தரகரின் ஊழல் வெடித்த பின் 2007இல் அது மேலும் இறுக்கப்பட்டது. இன்று ஒரு தரகர் தம்மை யார் அமர்த்தினார், எவ்வளவு தொகை, எந்த மசோதா, எந்த அவை அல்லது துறையை அணுகினார் என்பனவற்றை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பதிய வேண்டும். அதை எவரும் படிக்கலாம். 2023இல் இவ்வாறு பதிவான செலவு 400 கோடி டாலருக்கும் மேல். அதில் மருந்து உற்பத்தியாளர்களின் பங்கு பெரிது.

நம் இதழ்களில் அமெரிக்க லாபி என்றவுடன் ஏய்பேக் ஒன்றே நினைவுக்கு வருகிறது. அதன் வலிமை கற்பனையன்று. 2024இல் நியூயார்க்கில் ஜமால் போமனைக் கட்சியின் உட்தேர்தலிலேயே வீழ்த்த அதன் தேர்தல் பிரிவு ஒரு கோடியே நாற்பது இலட்சம் டாலருக்கும் மேல் கொட்டியது. ஆயினும் ஏய்பேக்கைச் சூழ்ச்சியாக மட்டும் வருணித்துவிட்டு, மருந்துக்கும் துப்பாக்கிக்கும் எண்ணெய்க்கும் அதே வழியே நடப்பதைக் காணாதிருப்பது ஆய்வாகாது.

பதிவேடும் முழு மருந்தன்று. ஒரு வாடிக்கையாளருக்குச் செய்யும் பணியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவான நேரத்தையே இதற்குச் செலவிடுபவர் பதிய வேண்டியதில்லை. ‘ஆலோசகர்’ என்ற பெயரில் தப்புவோர் பலர். 2010ஆம் ஆண்டு ‘சிட்டிசன்ஸ் யுனைட்டட்’ தீர்ப்பு, தேர்தல் பரப்புரைக்கு நிறுவனங்கள் தனித்துச் செலவிடுவதற்கு இருந்த தடையை நீக்கியது. இவற்றினும் ஆழமான குறையை மன்சூர் ஓல்சன் 1965இல் சுட்டினார்: ஆதாயம் பெரிதாகவும் ஆள் சிலராகவும் உள்ள குழு எளிதில் ஒன்றுசேர்கிறது; இழப்பு ஆளுக்குச் சிறிதாகவும் ஆள் பலராகவும் இருப்போர் சேர்வதேயில்லை.

இந்தியாவில் அந்தப் பதிவேடும் இல்லை. 2012 டிசம்பரில் நம் நாடாளுமன்றம் வால்மார்ட் குறித்துக் கொந்தளித்தது நினைவிருக்கலாம். இந்தியச் சந்தையில் நுழைவது உள்ளிட்ட பல பொருள்களுக்காக 2008 முதல் சுமார் 2.5 கோடி டாலர் செலவிட்டதாக அந்நிறுவனமே அமெரிக்க செனட்டில் பதிந்திருந்தது. நம் சில்லறை வணிகத்தைப் பற்றிய செய்தியை நாம் வாஷிங்டனின் ஏட்டில் படித்து அறிந்தோம்! நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 2013இல் மக்களவை உறுப்பினர் காளிகேஷ் சிங் தேவ் லாபியை வெளிப்படுத்தும் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார்; அது சட்டமாகவில்லை. கட்சிகளுக்கு யார் பணம் தருகிறார் என்பதை மறைத்த தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15இல் இரத்துச் செய்யும்வரை அந்தத் திரையும் இருந்தது.

இதன் விளைவைத் தமிழகம் 2023 ஏப்ரலில் கண்டது. அன்று நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரம்பிட்டிருந்தது. ஏப்ரல் 12இல் அறிமுகமாகி 21இல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய திருத்த மசோதா, வேலை நேரம், ஓய்வு, மிகைநேரக் கூலி ஆகியவை பற்றிய விதிகளிலிருந்து எத்தொழிற்சாலைக்கும் விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. பன்னிரண்டு மணி நேர நாளுக்கு அது வழி என்றனர் தொழிற்சங்கத்தார். வாரத்துக்கு 48 மணி மாறாது, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்றனர் அமைச்சர்கள்.

மசோதாவின் நோக்க விளக்கத்தைப் படித்தபோது ஒரு தொடர் என்னை நிறுத்தியது. நெகிழ்வான வேலை நேரம் வேண்டித் தொழில் நிறுவனங்களிடமிருந்தும் தொழில் அமைப்புகளிடமிருந்தும் முறையீடுகள் வரப்பெற்றன என்றும், அது பெண் ஊழியர்க்குச் சிறப்பாகப் பயன்படும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. எந்த நிறுவனம், எந்த அமைப்பு, எந்த நாளில், யாரிடம்? ஒன்றும் இல்லை. கர்நாடகம் அவ்வாண்டு பிப்ரவரியில் இதே போன்ற திருத்தத்தை நிறைவேற்றியபோது, ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் அதற்காக முயன்றவர்களுள் அடங்கும் என்று மார்ச்சில் எழுதியது இலண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளேடு. இங்கும் அவர்களே என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஏடில்லை என்பதே என் முறையீடு. ஆளுங்கட்சியின் தொ.மு.ச. உட்படச் சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. ஏப்ரல் 24இல் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

முறையிடுவதே குற்றமன்று. நல்ல பரிந்துரைக்கு அதன் பலனில் பங்குண்டு, தீய பரிந்துரைக்கு அதன் சுமையில் பங்குண்டு என்று திருக்குர்ஆன் (4:85) ஷஃபாஅத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மக்ஸூமி குலத்துப் பெண்ணின் திருட்டு வழக்கில் உஸாமா (ரலி) பரிந்து பேச வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சினந்தது, பரிந்துரை சட்டத்தையே வளைக்கும் இடத்துக்கு வந்துவிட்டதால். ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தபோது, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் கேட்டார்கள். பதவிக்கும் அன்பளிப்புக்கும் உள்ள உறவை அளக்க இதனினும் நுட்பமான அளவுகோலை நான் அறியேன். ஓய்வு பெற்ற மறுமாதமே நிறுவனத்தின் ஆலோசகராகும் அதிகாரி எந்நாட்டவராயினும் அதில் அளக்கத்தக்கவர்.

தரகருக்குரிய கூலியையும் நம் ஃபகீஹ்கள் விட்டுவைக்கவில்லை. பரிந்துரைத்ததற்காக அன்பளிப்புப் பெறுபவர் வட்டியின் பெருவாயில் ஒன்றை அடைந்தவர் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உள்ளது. ‘ஸமனுல் ஜாஹ்’, அதாவது செல்வாக்குக்கு விலை, என்னும் பொருளில் நடந்த விவாதத்தில் ஒரு சாரார், நடையாய் நடந்து மனு எழுதிய உழைப்புக்குக் கூலி வாங்கலாம், பெயருக்கும் பழக்கத்துக்கும் விலை வாங்கலாகாது எனப் பிரித்தனர். உரிமையை மீட்க வேறு வழியற்றுக் கொடுப்பவர் மீது குற்றமில்லை, வாங்குபவர் மீதே குற்றம் என்றோரும் பலர். பலவீனர் ஒன்றுசேர்வதற்கோ ஹில்ஃபுல் ஃபுளூல் போதும். சரக்கை வாங்கிக்கொண்டு விலை தராத ஆஸ் இப்னு வாயிலுக்கு எதிராக, யமன் தேசத்து வணிகர் ஒருவர் அபூகுபைஸ் குன்றேறிக் கூவினார். அதன் பின்னர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் குறைஷியர் சிலர் கூடிச் செய்த உடன்படிக்கை அது. இஸ்லாம் வந்த பின்னும் அதற்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்றார்கள் நபியவர்கள். அந்த வணிகர் அமைதியாகக் காத்திருந்தால் அவருக்கு யாரும் கூடியிருக்கமாட்டார்கள்.

சுங்குவார்சத்திரத்தின் சாம்சங் தொழிலாளர்களும் காத்திருந்து பார்த்தவர்களே. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததன் தலையாய கோரிக்கை, தங்கள் சங்கத்தைப் பதிய வேண்டும் என்பது. அன்று நடைமுறையிலிருந்த 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பதிவு ஓர் அலுவலகக் காரியம். நிறுவனம் ஆட்சேபித்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது, ஆறு வாரத்தில் முடிவெடுக்குமாறு டிசம்பரில் உத்தரவாயிற்று. விண்ணப்பித்து ஆறு மாதங்களுக்கும் மேலான பின் 2025 ஜனவரி 27இல் சங்கம் பதிவாயிற்று. ஆக, நம்மிடமும் ஒரு பதிவேடு இருக்கத்தான் செய்கிறது: தொழிலாளர் தம் சங்கத்தின் பெயர், விதி, நிர்வாகிகள் அனைத்தையும் எழுதி, ஒப்பம் பெற்றுத்தான் வாயிலுக்கு வர முடியும். 2023இன் நோக்க விளக்கத்தில் வந்த முறையீட்டாளர்கள் எந்த ஏட்டிலும் ஒப்பமிட வேண்டியிருக்கவில்லை.