காமிரா வாங்கப் போகிறீர்களா?

"எந்தக் காமிரா நல்ல காமிரா?"

படம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. கடைக்காரர் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை எடுத்துக் காட்டுவார். வீட்டிலிருக்கும் நாலு பவுன் அடகுக் கடைக்குப் போகும். காமிரா வீட்டுக்கு வரும். அப்புறம் மைக் வாங்கப் பணம் இராது, ஸ்டாண்டு வாங்கப் பணம் இராது. கடைசியில் படமும் இராது!

கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் என்ன? "நான் எடுக்கப் போகும் படத்துக்கு என்ன தேவை?" என்று. பெயர் பெற்ற டைரக்டர்களே அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஆளில்லாத லண்டன்

2001-ம் ஆண்டு கோடைக் காலம். டானி பாயில் என்ற பிரிட்டிஷ் டைரக்டர் '28 டேஸ் லேட்டர்' படத்தை எடுக்கத் தொடங்கினார். கதையில் பயங்கரமான தொற்றுநோயால் லண்டன் மாநகரமே வெறிச்சோடிக் கிடக்கிறது. கதாநாயகன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேல் தன்னந்தனியாக நடந்து வருகிறான்.

அந்தப் பாலத்தை நம் இஷ்டத்துக்கு மூடி வைக்க முடியுமா? விடியற்காலையில் ஒவ்வொரு தடவையும் சில நிமிஷங்கள்தான் வண்டிகளை நிறுத்தி வைக்க முடிந்தது. கனமான ஃபிலிம் காமிராவைத் தூக்கி நிறுத்திக் கோணம் பார்ப்பதற்குள் பஸ் வந்து விடும்! ஆகவே கானன் எக்ஸ்.எல்.1 என்ற சிறிய வீடியோ காமிராக்களைப் பல கோணங்களில் வைத்து, ஒரே சமயத்தில் ஓட விட்டார்கள். படத்தில் தெளிவு குறைவுதான். ஆனால் நோய் பிடித்த நகரத்துக்கு அந்த மங்கலே பொருத்தமாக அமைந்து விட்டது. பயம் விலகிப் பசுமை தெரியும் இறுதிக் காட்சிக்கோ 35 மி.மீ. ஃபிலிமையே பயன்படுத்தினார்கள்.

ஒரே மூச்சில் ஒரு படம்

அதே ஆண்டு டிசம்பர் 23-ம் தேதி ரஷ்யாவில் வேறொரு சோதனை நடந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிடேஜ் மியூசியத்தில், 'ரஷ்யன் ஆர்க்' படத்தை ஒன்றரை மணி நேரம் எங்கும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்கத் துணிந்தார் டைரக்டர் அலெக்சாண்டர் சோகுரோவ். படப்பிடிப்புக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு நாள்!

ஆயிரம் அடி ஃபிலிம் சுருள் சுமார் 11 நிமிஷத்தில் ஓடி முடிந்து விடும். ஆகவே ஸோனி டிஜிடல் காமிராவை எடுத்துக் கொண்டு, காட்சியை நேராக ஹார்ட் டிஸ்க்கில் பதிவு செய்தார்கள். மூன்று தடவை பாதியிலேயே நின்று போயிற்று. நாலாவது தடவை பலித்தது.

டெலிபோனும் ஃபிலிமும்

அமெரிக்க டைரக்டர் ஷான் பேக்கர் கையில் பணம் குறைவு. கதையோ தெருவில் நடக்கிறது. 'டாங்கரின்' (2015) படத்தை ஐபோன் 5எஸ் டெலிபோன்களிலேயே எடுத்து விட்டார். ஒலியில் மட்டும் அவர் சிக்கனம் பார்க்கவில்லை. தனிக் கருவிகளைக் கொண்டு முறையாகப் பதிவு செய்தார். அடுத்த படமான 'த ஃப்ளாரிடா ப்ராஜெக்ட்' (2017) 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டது. ஆனால் டிஸ்னி வர்ல்டுக்குள் யாருக்கும் தெரியாமல் எடுத்த கடைசிக் காட்சிக்கு மீண்டும் டெலிபோன்! ஆஸ்கார் பரிசு பெற்ற அவருடைய 'அனோரா' (2024) மறுபடியும் ஃபிலிம்தான். கருவி மாறிக் கொண்டே இருந்தது. மாற்றியது காட்சியின் தேவை.

உங்கள் காரியம் என்ன?

இரவில் நடக்கும் தெருக்கூத்தைப் படம் பிடிக்க வேண்டுமா? வெளிச்சம் குறைந்த இடத்தில் பெரிய சென்ஸரும் அகன்ற துவாரமுள்ள லென்ஸும் கைகொடுக்கும். எஃப் 4 லென்ஸை விட எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

நாட்டிய அரங்கேற்றத்தைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்க வேண்டுமா? நீண்ட ஜூம் வேண்டும். இரண்டு மணி நேரம் ஓடினாலும் சூடேறி நின்று போகாத காமிராவாகவும் இருக்க வேண்டும். சில காமிராக்கள் அரை மணி நேரத்தில் தாமாகவே பதிவை நிறுத்திக் கொள்ளும். மகள் ஆடும் தில்லானாவின்போது அது நேர்ந்தால்?

தாத்தாவின் நினைவுகளைப் பேட்டியாக எடுக்கப் போகிறீர்களா? அப்படியானால் மைக் செருகவும், ஹெட்போன் செருகவும் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படம் சற்று மங்கினாலும் பொறுத்துக் கொள்ளலாம். பேச்சு கேட்காவிட்டால் அந்தப் பேட்டியால் என்ன பயன்? தாத்தாவை மறுபடி எப்போது பேச வைப்பது?

கையிலுள்ள பணம் முழுவதையும் காமிராவிலேயே போட்டு விடாதீர்கள். மைக், ஸ்டாண்டு, கூடுதல் பாட்டரி, மெமரி கார்டு ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்கி விட்டு மிச்சத்துக்குக் காமிரா பாருங்கள். பெரிய நகரங்களில் காமிரா நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. நீங்கள் எடுக்கப் போகும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு நாள் எடுத்துப் பார்த்து விடுங்கள்.

சட்டைப் பையில் இருக்கும் டெலிபோனே போதும் என்று தெரிந்தாலும் தெரியலாம். நாலு பவுனும் பெட்டியிலேயே இருக்கும்!