உங்களுக்குத் தெரியுமா? ராணியின் இடத்தைப் பிடிக்கும் தொழிலாளி எறும்பு

தென்னிந்தியாவில் வாழும் குதிக்கும் எறும்பின் (ஹார்ப்பெக்னேதஸ் சால்டேட்டர்) கூட்டில் ராணி இறந்ததும் பெரும் போட்டி மூளும். தொழிலாளி எறும்புகள் எதிரெதிரே நின்று, உணர்கொம்புகளால் ஒன்றையொன்று மாறி மாறி அடித்துக்கொள்ளும். பல நாட்கள் நீளும் இந்தப் போட்டியில் வென்றவை இரை தேடுவதை விட்டு, முட்டையிடத் தொடங்கும்.

● சினைப்பை வளரும். மூளை ஏறக்குறைய கால் பங்கு சுருங்கும்.

● சுமார் 7 மாதமாக இருந்த ஆயுள் 4 ஆண்டு வரை நீளும்.

● இத்தனை மாற்றத்திலும் டிஎன்ஏவின் எழுத்துகள் மாறுவதில்லை. எந்த மரபணு இயங்கும், எது அடங்கும் என்பதுதான் மாறுகிறது. இதை ஆராயும் துறையே எபிஜெனெடிக்ஸ்.

● 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, ‘கேஆர்-எச்1’ என்ற புரதத்தின் பங்கை விளக்கியது. தொழிலாளியின் மூளையில் அது முட்டையிடும் எறும்புக்குரிய மரபணுக்களை அடக்கிவைக்கிறது. முட்டையிடும் எறும்பிலோ தொழிலாளிக்குரிய மரபணுக்களை அடக்குகிறது.

● இந்த மாற்றம் நிரந்தரமல்ல. வென்ற எறும்பை ஆய்வாளர்கள் சில வாரங்கள் தனிமைப்படுத்தியபோது, அது மீண்டும் தொழிலாளியானது. சினைப்பை சுருங்கியது, இழந்த மூளையும் மறுபடி வளர்ந்தது! முதிர்ந்த பூச்சியின் மூளை இப்படிச் சுருங்கி வளர்வது மிக அரிது.