கோடிக்கரையின் சுவடுகள்

சோழமண்டலக் கடற்கரை தெற்கு நோக்கி நீண்டு வந்து மேற்கே திரும்பும் முனையில் அமைந்தது கோடிக்கரை. 'பொன்னியின் செல்வன்' புதினத்தைப் படித்தோர், பூங்குழலியின் படகோடு சேர்த்தே இவ்வூரை நினைவுகூர்வர். 1967ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்நிலத்தை ஊர்தியில் கடந்து செல்வோர் காண்பது சிறிதே. வனத்துறையின் இசைவு பெற்று, விடியற்பொழுதில் நடந்து செல்வோர்க்கே இதன் வாழ்க்கை புலப்படும்.

இரவெல்லாம் நிகழ்ந்தவை காலையில் ஈரமணலில் பதிந்து கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் காற்று அவற்றை அழித்துவிடும். வளை தோண்டிய நண்டு உருட்டிப் போட்ட மணல் உருண்டைகள் ஓரிடத்தில். நரியின் அடிச்சுவடு வேறோரிடத்தில். தை முதல் பங்குனி வரையிலான காலமாயின், கடலிலிருந்து மேடு நோக்கி ஏறி மீண்டும் கடலுக்கே இறங்கும் அகன்ற தடத்தையும் காணலாம். அது பங்குனி ஆமை முட்டையிட்டுத் திரும்பிய வழி. ஒரு குழியில் ஏறத்தாழ 100 முட்டைகள் இருக்கும். அவை பொரிக்க 45 முதல் 60 நாள்கள் ஆகும். ஆமைத்தடம் முடியும் இடத்தில் நரியின் சுவடும் சிதறிய முட்டையோடுகளும் கிடந்தால், நிகழ்ந்ததைச் சொல்ல வேறு சான்று வேண்டியதில்லை.

கடலை விட்டு உள்ளே திரும்பினால் சதுப்புநிலம். வடகிழக்குப் பருவமழையின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் இங்கே, பூநாரைகள் அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும். வடதுருவப் பகுதியிலிருந்து வந்து சேரும் கொசு உள்ளானின் எடை 30 கிராம் அளவே என்பது நம்புதற்கு அரியது.

புல்வெளியில்தான் நடப்போர் நெடுநேரம் நிற்க வேண்டும். முறுக்கிய கொம்புடைய வெளிமான் மேயும் இடம் அது. சங்க நூல்கள் 'இரலை' எனக் குறிக்கும் இம்மானின் இன்றைய பெயரிலேயே அதன் வாழ்வு அடங்கியுள்ளது: வெளியில் வாழும் மான். அதற்குக் கண்ணும் காலுமே காவல். தொலைவிலேயே பகையைக் கண்டு பாய்ந்தோடத் திறந்த நிலம் வேண்டும். அந்நிலத்தைச் சீமைக்கருவேலம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மூடி வருகிறது. அயல்நாட்டிலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட அம்மரத்தின் இனிய நெற்றுகளைத் தின்னும் விலங்குகளே, தம் சாணத்தின்வழி அதன் விதைகளைப் பரப்புகின்றன. வனத்துறை வேரோடு அகற்றினாலும் அடுத்த மழையில் புதிய கன்றுகள் முளைக்கின்றன. புற்பரப்பில் நெருக்கமாகக் காணப்படும் மானின் குளம்படிகள், முட்புதர் அடர்ந்த இடத்தை நெருங்கும்போது அரிதாகிப் பின்பு மறைந்துவிடுகின்றன.