சுதந்திரமும் அச்சாரமும்



‘சுயாதீன இசைக்கலைஞர்’ என்றதும் உங்களில் பலருக்குச் சென்னைதான் நினைவுக்கு வரும். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியதை நாங்களும் கொண்டாடினோம். ஆனால் சினிமாவையும் கம்பெனியையும் நம்பாமல் தன் வாசிப்பை மட்டும் விற்றுப் பிழைப்பவர்தான் சுயாதீனக் கலைஞர் என்றால், இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அவர்கள் இருக்கிறார்கள். பறை, தவில், பம்பை, உறுமி, நாதசுரம் வாசிக்கிறார்கள். ஊர் அவர்களைக் கொட்டுக்காரர் என்கிறது. திருவிழா நோட்டீசில் பெயர் வராது. அவர்களின் சுதந்திரம் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறோம்.

அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அறுவடை முடிந்ததும் ஊர்த் தொழிலாளிகளுக்குக் களத்தில் அளந்து போட்ட தானியத்துக்கு முன்பு ‘சுதந்திரம்’ என்று பெயர். தோட்டிக்கு, வெட்டியானுக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு என்று அவரவர் சுதந்திரம். அதை வாங்கியவர் ஊர் கூப்பிட்டபோதெல்லாம் வந்தாக வேண்டும். கொட்டு அடிப்பது தனி வேலையாகவும் இருக்கவில்லை. துட்டி சொல்லிப் போவது, குழி வெட்டுவது, செத்த மாட்டை இழுப்பது எல்லாம் ஒரே மூட்டை. வரமாட்டேன் என்று சொல்ல வழியில்லாதவருக்குக் கொடுத்த நெல்லுக்கு இப்படியொரு பெயர்!

அதனால்தான் காட்டுமன்னார்கோயில் பக்கம் எல். இளையபெருமாள் பறையடிக்க மறுக்கச் சொன்னார். பிறகு வந்த தலித் கலைவிழாக்கள் அதே பறையை மேடையேற்றின. மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையில் விடுதலை பேசினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் அடிப்பதா மறுப்பதா என்ற சண்டை எங்கள் அமைப்புகளுக்குள் ஓயவில்லை. எங்களைக் கேட்டால், மறுக்கும் உரிமை கையில் இருப்பவர் அடிப்பது கலை. இல்லாதவர் அடிப்பது ஊழியம்.

அந்த உரிமை இந்தப் பகுதிக்கு அச்சாரத்தின் வடிவில்தான் வந்தது. பொங்கலுக்கோ காதுகுத்துக்கோ துட்டிக்கோ கொட்டு வேண்டுமென்றால் குழுத்தலைவரைத் தேடிவந்து பேசி, முன்பணம் கொடுக்க வேண்டும். இப்போது பேச்சு கைப்பேசியில் முடிந்து, பணம் கூகுள் பேயில் வருகிறது. எத்தனை தவில், எத்தனை பறை, வண்டி யார் பொறுப்பு, துட்டி என்றால் நீர்மாலையோடு சரியா, சுடுகாடு வரை வர வேண்டுமா என்று எல்லாம் முதலிலேயே பேசப்படும். சாப்பாடு எங்கே என்பதுதான் சிக்கலான கேள்வி. பந்தியில் உட்கார வைக்கமாட்டார்கள் என்று தெரிந்த ஊரில், சாப்பாடு வேண்டாம், படிக்காசு கொடுத்துவிடுங்கள் என்று சில குழுக்கள் கேட்டுவிடுகின்றன.

நாங்கள் பழகிய ஒரு தலைவர் சொன்னார்: “கொட்டடிக்க வாரோம். துட்டி சொல்ல, குழி வெட்ட வேற ஆளப் பாருங்கன்னு அச்சாரம் வாங்கும்போதே சொல்லிருவேன்.” மூட்டை அவிழ்ந்தது இங்கேதான். மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பிணத்தையோ செத்த விலங்கையோ சுமக்கவும் குழி வெட்டவும் கட்டாயப்படுத்துவதைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. கொட்டடிக்கக் கட்டாயப்படுத்துவதை அப்படிப் பெயர் சொல்லவில்லை. கட்டாய உழைப்பு என்ற பிரிவைக் காட்டித்தான் புகார் எழுத வேண்டும்.

ஆனால் அச்சாரம் செல்லாத ஊர் ஒன்று ஒவ்வொரு கலைஞருக்கும் இருக்கிறது. அது அவருடைய சொந்த ஊர். பத்து மைல் தள்ளிப் போனால் ‘மாஸ்டர்’. சொந்த ஊரில் தாத்தா வாங்கிய நெல்லுக்கு இன்னும் கணக்கு வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன தலைவரின் ஊரில் ஒருமுறை பெரிய வீட்டில் துட்டி. அன்றைக்கு அவர் இராஜபாளையம் பக்கம் ஒரு பொங்கலுக்கு அச்சாரம் வாங்கியிருந்தார். அங்கேதான் போனார். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் மனைவியைக் களையெடுக்கக் கூப்பிடவில்லை. தம்பிக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டார்கள். பொருளாதாரப் புறக்கணிப்பும் அதே திருத்தத்தின்படி குற்றம்தான். ஆனால் கூப்பிடவில்லை என்பதற்கு யாரைச் சாட்சி வைப்பது? எங்களால் அந்தப் புகாரை எழுத முடியவில்லை.

பங்குனி, சித்திரை, வைகாசியில் ஓய்வே இராது. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் பூக்குழி, ஊர்தோறும் பொங்கல், முளைப்பாரி. ஆடியில் மறுபடி. புரட்டாசியும் மார்கழியும் வந்தால் துட்டி மட்டும்தான். மற்ற நாளெல்லாம் பஞ்சாலை, சத்திரப்பட்டி பேண்டேஜ் தறி, கட்டட வேலை. 2020இல் ஊரடங்கு பங்குனியில் வந்தது. அரிசிக்கும் தோலுக்கும் செலவாகிப்போன அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

இப்போது வசதியான கல்யாண வீடுகள் செங்கோட்டை வழியாகக் கேரளச் செண்டை மேளத்தை வரவழைக்கின்றன. செண்டைக்காரர்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவர்களின் சாதி இங்கே யாருக்கும் தெரியாது. அவர்கள் கேட்கும் தொகை கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

கைப்பேசிப் புகழ் காப்பாற்றும் என்பவர்களுக்கு ஒன்று. கோடிக்கணக்கானோர் பார்த்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலால் தங்களுக்கு எந்த வருமானமும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் சொன்னார். எங்கள் கொட்டுக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “அச்சாரம் வாங்கலையா?” என்றார்.

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வந்த இளையராஜா அர்த்த மண்டப வாசலிலிருந்து வெளியே வரும் காட்சி நாடெங்கும் பரவியது. அங்கே மற்றவர்கள் செல்வது மரபில்லை என்று அறநிலையத் துறை விளக்கியது. தன் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை, பரவியது வதந்தி என்று அவரும் சொன்னார். சில நாள் எல்லோரும் அந்த வாசலைப் பற்றியே பேசினோம். இந்த வட்டாரத்துச் சிறு கோயில் பொங்கல்களில் கொட்டுக்காரர் எந்த இடம்வரை வரலாம் என்று எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இதைவிட நெருக்கமான குற்றம் ஒன்றும் எங்கள் பக்கம் உண்டு. ஏப்ரல் 14க்கும் ஆர்ப்பாட்டங்களுக்கும் பறைக்குழுவை முந்தின நாள் இரவில் கூப்பிட்டிருக்கிறோம். ‘நம்ம நிகழ்ச்சிதானே’ என்று கடைசியில் ஒரு துண்டைப் போர்த்தி அனுப்பியிருக்கிறோம். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட மறுத்ததில்லை. மறுக்க முடியாதபடிதான் நாங்கள் கூப்பிட்டிருந்தோம். களத்து நெல்லாவது அளந்து போடப்பட்டது.

இன்று வாசலில் வாசித்த குழுவுக்கு இரண்டு வாரம் முன்பே அச்சாரம் கொடுத்திருக்கிறோம். மீதித் தொகை, நன்றியுரைக்கு முன் கொடுப்பதாகப் பேச்சு. இரவுப் பந்தியில் அவர்களுக்கு முதல் வரிசை. இதையும் அவர்கள்தான் அச்சாரத்தின்போது கேட்டுவாங்கினார்கள்.